"தண்ணீர் பட்டாலும் அழியாது" என்று விற்ற டிஸ்க்: ஏமாந்துவிடாதீர்கள்

இன்னும் டிவிடி கேட்கும் வாடிக்கையாளர்களை வைத்திருக்கும் வீடியோக்காரர்கள் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

வாட்டர்ஷீல்ட் (தண்ணீர் தாங்கும் பளபளப்புப் பூச்சு உள்ள) வகை, மை கலையவே கலையாது என்று சத்தியம் செய்த ஒருவரிடம் 100 பிரிண்டபிள் டிவிடி, அதாவது மேல் பக்கத்தில் படம் அச்சடிக்கக்கூடிய டிவிடி, வாங்கினேன். 50 வீதம் இரண்டு அடுக்கு. மேலே இருந்த ஒன்றை எடுத்துப் பிரிண்ட் போட்டு, மறுநாள் குழாய்த் தண்ணீரில் நீட்டினேன். ஒரு துளி மை கலையவில்லை, போட்டோ மாதிரி பளபளத்தது. அந்தத் தைரியத்தில் ஒரு கல்யாண வீடியோவுக்கு 30 காப்பி. பிரிண்டர் தானாகவே டிஸ்க்கை எடுத்துக்கொள்ளும் என்பதால் ஓடவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் கவரில் போடும்போது சில டிஸ்க் மங்கலாகத் தெரிந்தது உண்மை. அவசரத்தில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் தப்பு அது.

மூன்றாம் நாள் மணப்பெண்ணின் அண்ணன் போன் செய்தார். "என்ன சார், தங்கச்சி முகம் நீலமா வழியுது?" அவர் அனுப்பிய படத்தில் கன்னத்தின் மேல் கட்டைவிரல் ரேகை அச்சாகப் பதிந்திருந்தது. ஈரக் கையோடு எடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

பிரிக்காமல் இருந்த இரண்டாவது அடுக்கைத் திறந்து, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். மேலே ஏழு பளபளப்பு, அதற்குக் கீழே எல்லாம் சாதா மேட். கணினியில் போட்டு மீடியா கோடு (தயாரிப்பாளர் டிஸ்க்கிலேயே பதிந்து வைக்கும் அடையாளக் குறியீடு) பார்த்தால் மேலே இருப்பவை டிஒய்ஜி03, அதாவது ஜப்பானின் தையோ யூடென் நிறுவனம் தயாரித்த 16எக்ஸ் (16 மடங்கு வேகத்தில் எழுதக்கூடிய) டிஸ்க். கீழே இருப்பவற்றில் வேறு ஏதோ கோடு.

விற்றவரிடம் கேட்டதற்கு, "உங்க மை சரியில்லை" என்றார். சாயமை தண்ணீரில் கரையும்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நல்ல டிஸ்க்கின் பூச்சில் இருக்கும் நுண்துளைகள் அந்த மையை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஒரே பிரிண்டர், ஒரே மை, இரண்டு டிஸ்க். ஒன்று தாங்கியது, ஒன்று வழிந்தது. இதற்கு அவரிடம் பதில் இல்லை.

அப்புறம் யோசனை வேறு சொன்னார், மேலே ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள் என்று. டிவிடி என்பது 0.6 மி.மீ. தகடு இரண்டைச் சேர்த்து ஒட்டியது. 16எக்ஸ் வேகத்தில் நிமிடத்துக்கு ஒன்பதாயிரம் சுற்றுக்கு மேல் போகும். ஸ்டிக்கர் ஒரு ஓரம் விலகியிருந்தாலே ஆட்டம் காணும். சூட்டில் பசை இளகி, டிஸ்க்கை உள்ளே இழுத்துக்கொள்ளும் ரக பிளேயரில் மாட்டிக்கொண்டால் பிளேயருக்கும் நாம்தான் பதில் சொல்ல வேண்டும். கிளியர் ஸ்பிரே அடிக்கலாமே என்றார் அடுத்து. ஸ்பிரேயின் கரைப்பான் டிஸ்க்கின் பிளாஸ்டிக்கை அரித்தால் படமே போச்சு. இதைச் சொன்னதும் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

30 காப்பியையும் என் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்தேன். இப்போதெல்லாம் அடுக்கைப் பிரித்ததும் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று உருவி எடுத்துப் பிரிண்ட் போடுகிறேன். 24 மணி நேரம் காயவிட்டு, ஈர விரலால் அழுத்தித் தேய்க்கிறேன். மூன்றும் தாங்கினால்தான் மீதியைத் தொடுவது.