பழைய புல்லட்டை 12 வோல்ட்டுக்கு மாற்றப் போய் 18,500 ரூபாய் போச்சு, படித்துவிட்டுப் போங்க

கை நடுங்குகிற கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். பழைய வண்டி வைத்திருக்கிற யாரும் என்னைப் போல ஏமாறக் கூடாது.

அப்பாவின் புல்லட், 1976 மாடல், திருவொற்றியூரில் செய்த வண்டி. 6 வோல்ட். ராத்திரியில் ஹெட்லைட் மெழுகுவர்த்தி மாதிரிதான் எரியும். அதை 12 வோல்ட்டுக்கு மாற்றி, வயரிங் முழுக்கப் புதிதாகப் போட ஆசைப்பட்டேன். கோவையில், பழைய வண்டிகளைப் புதுப்பித்து வீடியோ போடுகிற ஒரு ஒர்க்‌ஷாப். பெயர் வேண்டாம். புது ஸ்டேட்டர் (இன்ஜின் ஓடும்போது கரண்ட் உண்டாக்குகிற சுருள்), ரெகுலேட்டர் (வோல்ட் எல்லை தாண்டாமல் பார்த்துக்கொள்வது), பேட்டரி, வயரிங் கிட், ஹாலோஜன் பல்பு, கூலி எல்லாம் சேர்த்து 18,500 ரூபாய் என்றார் ஒர்க்‌ஷாப்காரர். ஸ்டேட்டருக்கு மட்டும் 6,200.

நான் நம்பியது எந்த இடத்தில் தெரியுமா? டேங்கைத் தடவிப் பார்த்துவிட்டு, "எங்க அப்பாவும் இதே வண்டிதாங்க வச்சிருந்தார், நம்ம வீட்டு வண்டி மாதிரி பார்த்துக்கறேன்" என்றார். அதோடு கேள்வி கேட்பதையே விட்டுவிட்டு, பத்தாயிரம் அட்வான்ஸை அங்கேயே அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து வண்டியை எடுக்கப் போனேன். மல்ட்டிமீட்டரைப் பேட்டரியில் வைத்து ஆக்ஸிலேட்டரை முறுக்கிக் காட்டினார், 14.1. "பாருங்க, சார்ஜ் சூப்பரா ஏறுது." ஹெட்லைட் அப்போது அணைந்திருந்தது, எனக்கு அது உறைக்கவில்லை. ஆம்பியர் மீட்டர் முள் அசையவே இல்லையே என்றதற்கு, "அது 6 வோல்ட் மீட்டர், 12-க்கு வேலை செய்யாது" என்றார். சுத்தப் பொய். ஆம்பியர் மீட்டர் கரண்ட்டை அளப்பது, 6 ஆனாலும் 12 ஆனாலும் முள் அசையத்தான் வேண்டும். பழைய ஸ்டேட்டரைக் கேட்டேன், தூக்கிப் போட்டுவிட்டோம் என்றார். மீதி 8,500-ஐயும் கொடுத்துவிட்டு வந்தேன்.

போன சனிக்கிழமை ராத்திரி பல்லடத்திலிருந்து சோமனூருக்கு வரும்போது, காரணம்பேட்டை தாண்டியதும் லைட் மஞ்சளாகி, சிவப்பாகி, அப்புறம் இன்ஜினும் நின்றது. பின்னால் லாரி. எப்படித் தப்பினேன் என்று எனக்கே தெரியவில்லை.

நேற்று எங்கள் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் மாமா இடது பக்கச் செயின் கேஸைத் திறந்தார். உள்ளே இருந்தது எங்கள் பழைய ஸ்டேட்டரேதான்! அதன் வயரில் அப்பா பல வருஷத்துக்கு முன்னால் மாட்டிய மஞ்சள் ஸ்லீவ், அதன் மேல் அவர் கையால் இறுக்கிச் சுற்றிய தறி நூல், எண்ணெயில் ஊறிக் கறுத்துப்போய் அப்படியே இருக்கிறது. 6,200 ரூபாய்க்கு இதைத்தான் எனக்கே விற்றிருக்கிறார்கள். ரெகுலேட்டர் கிடையாது, நாலு கால் வைத்த ஒரு சின்ன டயோடு பிரிட்ஜ் மட்டும், அது ஏசியை டிசியாக மாற்றும், வோல்ட்டைக் கட்டுப்படுத்தாது. ஃப்யூஸ் கிடையாது. ஹெட்லைட்டுக்குள் முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்டுகள். ஆம்பியர் மீட்டர் வயரைக் கழற்றி ஓரமாகச் சுருட்டி வைத்திருந்தார்கள். மாமா வேறு பேட்டரி வைத்து அளந்தார். லைட் இல்லாமல் முறுக்கினால் 16.8 வரை ஏறுகிறது, ஐடிலில் லைட்டைப் போட்டால் 11.4. பகலில் கட்டுப்பாடில்லாமல் ஏறித்தான் என் பேட்டரி உப்பியிருந்தது. ராத்திரியில் லைட் போட்டால் சார்ஜுக்கு வறட்சி.

போன் செய்தேன். முதலில் "வண்டி பழசுங்க, அப்படித்தான் இருக்கும்." அடுத்து "பேட்டரி கம்பெனியைக் கேளுங்க." நூல் சுற்றிய ஸ்டேட்டரின் போட்டோவை அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. இன்று காலை எடுத்த பையன், "அண்ணன் வெளியூர் போயிட்டார், அடுத்த வாரம் பேசுங்க" என்கிறான். பின்னால் அவர் குரல் கேட்கிறது! 18,500 ரூபாய்ங்க. கையால் எழுதிய ஒரு துண்டுச் சீட்டைத் தவிர பில்கூட இல்லை.

வயரிங் பற்றி விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது மனசு ஓடவில்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: ஹெட்லைட்டை எரியவிட்டு, பல வேகத்தில் வோல்ட் அளந்து காட்டச் சொல்லுங்கள். லைட்டோடு ஓட்டும் வேகத்தில் 13-க்குக் கீழே நின்றாலோ, முறுக்கும்போது 15-ஐத் தாண்டினாலோ வண்டியை எடுக்காதீர்கள். பேட்டரி பக்கத்தில் ஃப்யூஸ் இருக்கிறதா பாருங்கள். வேலைக்கு விடும் முன்னால் உள்ளே இருப்பதைப் போட்டோ எடுத்து வையுங்கள், பழைய பாகத்தைக் கையில் வாங்காமல் மீதிப் பணம் தராதீர்கள்.

நாளைக்கு நேரிலேயே போகிறேன், ஸ்டேட்டரையும் எடுத்துக்கொண்டு.