மூலிகை எண்ணெய் வடிக்கும் கண்ணாடி வாலை: ஆறு மாத அனுபவம்

இரண்டு லிட்டர் குடுவை, ஆவியைக் குளிர்விக்கும் குழாய், எண்ணெய் சேரும் அளவுக்குழாய். பெட்டியில் இருந்தது இவ்வளவுதான். அளவுக்குழாய், 1928-இல் கிளெவெஞ்சர் என்பவர் வடிவமைத்த வகை. வடிந்த எண்ணெய் மேலே மிதக்கும், நீர் அடிவழியாகக் குடுவைக்கே திரும்பிவிடும்.

புதினாவுக்கு இது அருமை. 400 கிராம் பச்சை இலைக்கு ஒரு மில்லிக்குச் சற்றுக் குறைவாகக் கிடைத்தது. இலையில் இருப்பதே அவ்வளவுதான், கருவியின் குறையல்ல. புதினாவுக்குக் குளிர்ச்சியான மணம் தரும் மெந்தால் தனியாகக் கொதிக்க 212 டிகிரி வேண்டும். நீராவியோடு சேரும்போது 100 டிகிரிக்குள்ளேயே கிளம்பி வந்துவிடுகிறது, அதனால் மணம் கருகுவதில்லை.

கிராம்பில்தான் ஏமாந்தேன். 100 கிராம் இடித்துப் போட்டு மூன்று மணி நேரம் கொதிக்கவிட்டேன். அறை முழுக்க வாசனை, குழாயிலோ எண்ணெயே இல்லை. பால் போல ஏதோ சொட்டுவதும் மறைவதுமாக இருந்தது. கிட்டப்போய் உற்றுப் பார்த்த பிறகுதான் புரிந்தது. கிராம்பு எண்ணெயில் பெரும்பங்கு யூஜினால், அது தண்ணீரைவிடக் கனம். துளிகள் மூழ்கி, திரும்பும் நீரோடு மறுபடி குடுவைக்கே போய்க்கொண்டிருந்தன! கையேட்டில் ‘எல்லா மூலிகைக்கும் ஏற்றது’ என்று போட்டிருக்கிறார்கள். இது தவறு, கண்டிப்பாகத் திருத்த வேண்டும். கனமான எண்ணெய்க்கு என்றே இருக்கும் அளவுக்குழாயைத் தனியாக வாங்கி மாட்டினேன். அதே 100 கிராமுக்கு 9 மில்லி, வெளிர் மஞ்சளில் அடியில் நின்றதைப் பார்த்தபோது அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம், மஞ்சளிலிருந்து அதன் நிறப்பொருளான குர்குமின் எடுக்க நினைப்பவர்கள் இதை வாங்க வேண்டாம். அது ஆவியோடு வராது. மஞ்சளின் வாசனை எண்ணெய் மட்டும் வரும், நிறம் குடுவையிலேயே தங்கிவிடும். குர்குமினுக்கு ஆல்கஹாலில் ஊறவைப்பதுதான் வழி. வாசனை நீர் வேண்டும் என்பவர்களுக்கும் இந்த வகை சரிப்படாது, நீர்தான் குடுவைக்குத் திரும்பிவிடுகிறதே.

கண்ணாடி தரமானது, இணைப்புகளில் கசிவே இல்லை. குளிர்நீர் மட்டும் சூடேறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஆவி மேல்வழியாகத் தப்பிவிடும்.

வடித்த எண்ணெயை அப்படியே தோலில் தடவாதீர்கள், குடிக்கவும் கூடாது. கிராம்பு எண்ணெய் ஒரு துளி பட்டு என் மணிக்கட்டு இரண்டு நாள் எரிந்தது. இப்போது நூறு துளி நல்லெண்ணெய்க்கு ஒரு துளி என்று கலந்துதான் தொடுகிறேன். கிராம்போ பட்டையோ வடிக்கப் போகிறீர்கள் என்றால், அந்த இரண்டாவது அளவுக்குழாயையும் சேர்த்தே வாங்குங்கள்.