வியாசர்பாடி கிரவுண்டுக்கு டர்ஃபா, அருகம்புல்லா?

எங்கள் டீம் பசங்க விளையாடும் இடம் 40-க்கு 20 மீட்டர். பக்கத்துக்கு ஐந்து பேர் ஆடும் ஃபைவ்ஸ் ஃபுட்பாலுக்குப் போதும். ஐப்பசியில் சேறு, சித்திரையில் புழுதி. டர்ஃப், அதாவது பிளாஸ்டிக் இழைப் புல் கம்பளம், போட்டுத் தருகிறேன் என்று ஒருவர் நல்ல மனதோடு முன்வந்தார். இரண்டு மாதம் பேசிப் பேசிக் கடைசியில் அருகம்புல்லுக்குப் போனோம். இலவசமாக வந்ததை ஏன் விட்டீர்கள் என்று இன்றும் கேட்கிறார்கள்.

டர்ஃபின் வசதி எல்லோருக்கும் தெரியும். மழை விட்டதும் இறங்கலாம், பந்து சீராக உருளும், நாள் முழுக்க ஆடினாலும் தாங்கும். மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிற இடத்துக்கு அதுதான் சரி. மே மாத வெயிலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டிவிடும் என்பது தனி விஷயம். எங்கள் பசங்களில் பாதிப் பேர் வெறுங்காலில் ஆடுகிறவர்கள்.

எங்களை நிறுத்தியது பராமரிப்புக் கணக்கு. டர்ஃப் கம்பளத்தின் ஆயுள் 8 முதல் 10 வருடம். அதுவரையும் சும்மா கிடக்காது. இழைக்கு நடுவே கொட்டிய மணலும் ரப்பர் குருணையும் ஷூவோடும் மழைத்தண்ணியோடும் வெளியே போய்க்கொண்டே இருக்கும். பிரஷ் போட்டுப் பரப்பி, குறைந்ததை நிரப்ப வேண்டும். விட்டால் இழை படுத்துவிடும், தரை கெட்டியாகும், விழுந்தால் முட்டி உரியும். முதல் கம்பளம் தானமாக வரும். இரண்டாவதை யார் தருவார்கள்? வாடகை வசூலித்தால்தான் முடியும். வசூல் ஆரம்பித்த அன்றே எங்கள் தெருப் பசங்க வலைக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

கிழித்தெடுத்த கம்பளம் எங்கே போகும் என்பதும் உறுத்தியது. கொடுங்கையூர் குப்பைமேட்டுப் புகையில் வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த ரப்பர் குருணையை மைக்ரோபிளாஸ்டிக் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் விற்கத் தடை போட்டு, மைதானங்களுக்கு 8 வருட அவகாசம் கொடுத்திருக்கிறது.

அருகம்புல்லுக்கு நாங்கள் செய்தது இவ்வளவுதான்: ஓரத்தில் ஜல்லி போட்ட வடிகால், நூறு அடிக்கு ஓரடி சரிவு, மேலே செம்மண்ணும் மணலும் கலந்த அடுக்கு. ஆடியில் கணு நட்டோம், மழைக்கு முன் பிடித்துக்கொண்டது. எங்கள் போர் தண்ணி உப்புதான், அதையும் தாங்குகிறது. ஊரில் பெர்முடா புல் என்று விற்பதும் இதே இனம்தான். கோல் போஸ்ட் முன்னால் வழுக்கை விழும். அப்போது போஸ்ட்டை நகர்த்தி வைத்து, புதுக் கணு நட்டு, இரண்டு மூன்று வாரம் அந்த இடத்தை மிதிக்காமல் விடுகிறோம். வாரத்தில் இரண்டு நாள் கிரவுண்டுக்கே லீவு. பசங்களுக்கு அதில் வருத்தம்தான். ஆனால் எது கெட்டாலும் மண்வெட்டியோடு நாங்களே சரி செய்கிறோம்.

இதுவரை ஒரு மழைக்காலம்தான் கண்டிருக்கிறோம். அதிலேயே கிழக்கு மூலையில் இரண்டு நாள் தண்ணி நின்றது. பெருவெள்ளம் வந்தால் எப்படி என்று இப்போது சொல்ல மாட்டேன். சுற்றிலும் மாடிக் கட்டடம் எழும்பி நிழல் விழுகிற இடமாக இருந்தால் எங்களைப் பார்த்து இறங்காதீர்கள். அருகம்புல்லுக்கு முழு வெயில் வேண்டும்.