லயன்ஸா, டைகர்ஸா? டெட்ராய்ட்டில் நான் காசு கட்டிய பக்கம்

2026 ஜனவரி 4ஆம் தேதி எங்கள் டெட்ராய்ட்டின் அமெரிக்க ஃபுட்பால் அணியான லயன்ஸ் சிகாகோவுக்குப் போய் பேர்ஸ் அணியை 19-16 என்று ஜெயித்தார்கள். அந்த பேர்ஸ்தான் 2025 சீசனில் எங்கள் டிவிஷனின், அதாவது நான்கு அணிகள் கொண்ட எங்கள் பிரிவின், சாம்பியன். செப்டம்பரிலும் அவர்களை 52-21 என்று நொறுக்கியிருந்தோம். ஆக, சாம்பியனை ஒரே சீசனில் இரண்டு முறை அடித்த அணி எத்தனையாவது இடத்தில் முடித்தது? நான்கில் நான்காவது. 9 வெற்றி, 8 தோல்வி (9-8) என்ற கணக்கோடு, பட்டத்துக்கான கடைசிச் சுற்றுகளான பிளேஆஃப்புக்கு வெளியே.

டிவியை அணைத்துவிட்டு அன்று ராத்திரியே எங்கள் ஊர் பேஸ்பால் அணியான டைகர்ஸின் 2026 டிக்கெட் தொகுப்பை வாங்கிவிட்டேன். எங்கள் வீட்டு பட்ஜெட்டில் வருடத்துக்கு ஒரு அணிதான். போன இரண்டு வருடம் லயன்ஸுக்கு உண்டியலில் போட்டோம், இந்த முறை டைகர்ஸ். பக்கத்து ஊரான நோவையில் இருக்கும் நண்பன் ஒருவனுக்கு இதைச் சொன்னதும் அவனுக்கு மனசே ஆறவில்லை. "மச்சான், 15 மேட்ச் ஜெயிச்ச டீமை ஒரே வருஷத்துல கை கழுவிட்டியே" என்றான். அவனுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் நீட்டி இங்கே எழுதுகிறேன்.

முதலில் எல்லாருக்கும் தெரிந்த விஷயங்களை முடித்துவிடலாம். மைதானம் இரண்டும் எதிரெதிரே, நடுவில் ஒரு தெருதான் என்பதால் பார்க்கிங் தொல்லை இரண்டுக்கும் ஒன்றே. லயன்ஸின் ஃபோர்டு ஃபீல்டுக்குக் கூரை உண்டு, டைகர்ஸின் கொமெரிகா பார்க்குக்குக் கிடையாது. ஏப்ரல் ராத்திரி ஆட்டத்துக்கு ஜனவரிக்குப் போடும் அதே ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டுதான் உட்கார வேண்டும். நால்வர் லயன்ஸ் ஆட்டம் ஒன்றைப் பார்க்கும் காசில் டைகர்ஸ் ஆட்டம் நாலைந்து பார்க்கலாம். சத்தம் என்றால் லயன்ஸ்தான், அதில் வாதமே இல்லை. 2024 ஜனவரியில் ராம்ஸை 24-23 என்று வென்றார்களே, 32 வருடத்தில் முதல் பிளேஆஃப் வெற்றி, அன்று கூரைக்குக் கீழே எழுந்த சத்தம் டிவி வழியாகவே எங்கள் ஹாலை ஒரு ஆட்டு ஆட்டியது.

பிளேஆஃப்புக்குள் நுழையும் வாய்ப்பும் காகிதத்தில் கிட்டத்தட்ட சமம்தான். ஃபுட்பாலில் 32 அணியில் 14, பேஸ்பாலில் 30 அணியில் 12. அப்புறம் என்ன வித்தியாசம்?

அக்கம்பக்கம்தான். நான் டைகர்ஸ் பக்கம் சாய்ந்ததற்கு முக்கால்வாசிக் காரணம் இது ஒன்றே. வீடு வாங்கும்போது வீட்டைவிடத் தெருவை நன்றாகப் பார் என்று ஊரில் சொல்வார்கள், இந்த ஊர் லீக்குகளுக்கும் அது பொருந்தும். லயன்ஸின் 17 ஆட்டங்களில் 6 சொந்த டிவிஷனுக்குள், அதாவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். டைகர்ஸுக்கு 162இல் 52, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கீழ். விகிதம் ஏறக்குறைய ஒன்றுதான், எதிரே நிற்பது யார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

லயன்ஸ் குடியிருக்கும் தெருவைப் பாருங்கள். 2025இல் பேர்ஸ் 11-6, பேக்கர்ஸ் 9-7-1 (கடைசி 1 சமன்), வைக்கிங்ஸ் 9-8, நாம் 9-8. நான்கு பேருமே தோல்வியைவிட அதிகம் ஜெயித்தவர்கள், அதனால்தான் 9 ஜெயித்தவன் கடைசி பெஞ்சில் உட்கார நேர்ந்தது. பேர்ஸை இரண்டு முறை அடித்தோம், சரி. பேக்கர்ஸிடம் இரண்டு, வைக்கிங்ஸிடம் இரண்டு என நான்கையும் கோட்டைவிட்டோம். தேங்க்ஸ்கிவிங் அன்று 31-24, கிறிஸ்துமஸ் அன்று 23-10. இரண்டு பண்டிகை நாளும் சாப்பாட்டு மேஜையில் யாரும் பேசவில்லை. அந்த நான்கில் இரண்டு கைக்கு வந்திருந்தால் 11-6, பேர்ஸோடு சரிசமம், அவர்களை இரண்டு முறை அடித்திருந்ததால் டிவிஷனே நம்முடையது. அதற்கு முந்தைய வருடம் மட்டும் என்ன, வைக்கிங்ஸ் 14 ஜெயித்தார்கள், பேக்கர்ஸ் 11. லயன்ஸ் 15-2 என்று உயிரைக் கொடுத்து ஆடியும் டிவிஷனைக் கையில் வாங்கக் கடைசி வாரம் வரை இழுத்தது. இதில் இன்னொரு வயிற்றெரிச்சல், நம் அட்டாக்கை வடிவமைத்துக்கொண்டிருந்த பென் ஜான்சனே இப்போது பேர்ஸின் தலைமைப் பயிற்சியாளர். வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தவர் எதிர்வீட்டில் ஓட்டல் வைத்த மாதிரி.

இப்போது டைகர்ஸின் தெரு. 2025இல் கார்டியன்ஸ் 88 வெற்றி, நாம் 87, ராயல்ஸ் 82, ட்வின்ஸ் 70, வைட் சாக்ஸ் 60. கடைசி இரண்டு பேரோடு மட்டும் வருடத்துக்கு 26 ஆட்டம். அந்த வைட் சாக்ஸ் 2024இல் 121 ஆட்டம் தோற்றவர்கள். இதே 87 வெற்றியை வைத்துக்கொண்டு யாங்கீஸும் ப்ளூ ஜேஸும் ரெட் சாக்ஸும் இருக்கும் கிழக்கு டிவிஷனில் நின்றிருந்தால் நான்காவது இடம். இங்கே இரண்டாவது இடம், டிவிஷனை ஜெயிக்காதவர்களுக்கான வைல்டு கார்டு வழியாக பிளேஆஃப், அக்டோபர் ஆட்டம்.

இந்த வாதத்தில் ஓட்டை இல்லாமல் இல்லை. 2024இல் இதே தெருவிலிருந்து கார்டியன்ஸ், ராயல்ஸ், டைகர்ஸ் என்று மூன்று பேர் பிளேஆஃப் போனார்கள், எப்போதும் இது சோப்ளாங்கித் தெரு கிடையாது. அதைவிடப் பெரிய ஓட்டை டைகர்ஸே போட்டது. 2025 ஜூலையில் கார்டியன்ஸைவிட பதினைந்தரை ஆட்டம் முன்னால் இருந்தார்கள். நாங்கள் டிவிஷன் பட்டத்தைக் கணக்கில் எழுதிவிட்டு லீவுக்கே கிளம்பிவிட்டோம். செப்டம்பர் கடைசி இரண்டு வாரத்தில் கார்டியன்ஸோடு ஆறு ஆட்டம், அதில் ஐந்து தோல்வி, அதிலும் மூன்று நம் வீட்டு மைதானத்திலேயே. ஒரே ஒரு ஆட்ட வித்தியாசத்தில் டிவிஷன் பறிபோனது. ஆஸ்ட்ரோஸும் அதே 87தான், சமநிலை விதியில் நாம் உள்ளே, அவர்கள் வெளியே. அவ்வளவு சொதப்பியும் கதவு திறந்தே இருந்தது. 17 ஆட்ட சீசனில் இந்தச் சலுகை கிடைக்காது, இரண்டு மோசமான வாரம் போதும், கதை முடிந்தது.

அப்புறம் நடந்தது அந்தக் காயத்துக்கு மருந்து போட்டது. டைகர்ஸ் கார்டியன்ஸின் ஊரான கிளீவ்லாண்டுக்கே போய் அவர்களை 2-1 என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அடுத்த ஐந்து ஆட்டத் தொடரில் சியாட்டிலோடு மோதினார்கள். அக்டோபர் 8, புதன்கிழமை மதியம், நான்காவது ஆட்டம். அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன், அதைப் பார்த்ததும்தான் மனசு முதலில் சாய்ந்தது என்று நினைக்கிறேன். 3-0 என்று பின்தங்கியதும் எனக்கு முன் வரிசைப் பெரியவர் போர்வையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார். ஐந்தாவது இன்னிங்ஸில் சமன், ஆறாவதில் ரைலி கிரீன் ஒரு ஹோம் ரன், கொஞ்ச நேரத்தில் பையஸ் இன்னொன்று. அந்தப் போர்வை மறுபடி வெளியே வந்தது, மேலே போர்த்திக்கொள்ள அல்ல, தலைக்கு மேல் சுற்றுவதற்கு. 9-3 என்று முடிந்தது.

ஐந்தாவது ஆட்டத்தைப் பற்றி எழுதக் கை கூசுகிறது. எங்கள் முதன்மைப் பந்துவீச்சாளர் ஸ்கூபல் ஆறு இன்னிங்ஸில் 13 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார், அதில் ஏழு பேர் தொடர்ச்சியாக. அவர் இறங்கிப்போனபின் 15 இன்னிங்ஸ் வரை இழுத்து, எங்கள் நேரப்படி ராத்திரி ஒரு மணி தாண்டி 3-2 என்று தோற்றோம். சோபாவிலேயே தூங்கிவிட்ட மகனை எழுப்பவில்லை. காலையில் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான்.

லயன்ஸுக்கு ஆதரவாகச் சொல்ல இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஆளுக்கு ஆள் வைத்துப் பார்த்தால் லயன்ஸ்தான் பலமான அணி என்று எனக்கும் தோன்றுகிறது. கோஃப், கிப்ஸ், செயின்ட் பிரவுன், சூவல், கால் எலும்பு முறிந்து திரும்பி வந்த ஹட்சின்சன் என்று வரிசை நீளம். கடைசி இடத்தில் முடித்ததில் ஒரு சின்ன லாபமும் உண்டு: அடுத்த சீசனின் மூன்று ஆட்டம் மற்ற டிவிஷன்களில் கடைசியாக வந்தவர்களோடு அமையும். நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன், பேஸ்பாலை ஓரளவு படிக்க வருகிறது. ஃபுட்பாலில் முன்வரிசைத் தடுப்புக்காரர்களின் வேலையை எடைபோட இன்னும் கண் பழகவில்லை, ஃப்ராங்க் ராக்னோ ஓய்வு பெற்றபின் நடுவில் விழுந்த பள்ளம் எவ்வளவு ஆழம் என்று என் நண்பனிடம்தான் கேட்டுக்கொள்கிறேன். அதை அடைத்துவிட்டால் 12 வெற்றி நிச்சயம் என்கிறான். இருக்கலாம். அப்படியே பிளேஆஃப் போனாலும் அங்கே ஒரே ஒரு மோசமான ராத்திரி போதும், வெளியே. 15-2 அணியே வாஷிங்டனிடம் 45-31 என்று பிளேஆஃப்பின் முதல் ஆட்டத்தில் சுருண்டதை ஃபோர்டு ஃபீல்டில் உட்கார்ந்து பார்த்தவன் அவன்.

என் பக்கமும் ஒரே ஒரு தூணில்தான் நிற்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2024, 2025 என்று அடுத்தடுத்து சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது வாங்கிய ஸ்கூபலுக்கு 2026தான் ஒப்பந்தத்தின் கடைசி வருடம். ஐந்து நாளைக்கு ஒருமுறை அவர் பந்தைக் கையில் எடுக்கும்போது டைகர்ஸ் வேறு அணி. மற்ற நாளில் பேட்டிங் 2025 செப்டம்பர் மாதிரி படுத்துக்கொண்டால் எந்தத் தெருவில் குடியிருந்தும் பிரயோஜனம் இல்லை. அவருக்குக் கொடுக்கக் காசில்லை என்று நிர்வாகம் சீசன் நடுவிலேயே அவரை வேறு ஊருக்கு விற்றுவிட்டால் என் கணக்கு மொத்தமும் போச்சு. அப்போது ஆகஸ்ட், செப்டம்பர் டிக்கெட் நாலு என்னிடம் மலிவாகக் கிடைக்கும், வேண்டுமென்றால் இப்போதே சொல்லி வையுங்கள். நோவை நண்பன் ஏற்கெனவே இரண்டு கேட்டுவிட்டான்.