286 டொலர் போய்விட்டது: மாதிரிப் பொட்டலத்தை நம்பிக் கியூபக் கோப்பி வாங்காதீர்கள்

இன்று காலை கடைக்காரரிடமிருந்து வந்த கடைசிப் பதிலை வாசித்த கையோடு இதை எழுதுகிறேன். கோபம் ஆறட்டும், நாளைக்கு எழுதுங்கள் என்று மனைவி சொன்னார். ஆறினால் நான் எழுத மாட்டேன், அது எனக்குத் தெரியும். 286 கனடிய டொலர். நாலு கிலோ வறுக்காத கோப்பிக் கொட்டை. கியூபாவின் உச்சத் தரம் என்று சொல்லி விற்றார்கள். வந்து சேர்ந்தது எந்த நாட்டுக் கொட்டை என்றே சொல்ல முடியாத ஒரு கூட்டிப் பெருக்கிய குப்பை.

கடையின் பெயரைப் போடவில்லை. வக்கீல் கடிதத்துக்குப் பதில் எழுத இன்னொரு 286 டொலர் என்னிடம் இல்லை. யார் வேண்டுமானாலும் கடை போடக்கூடிய பெரிய இணையச் சந்தை ஒன்றில், வறுக்காத கொட்டை மட்டும் விற்கும் ஒரு சின்னக் கடை. இந்த அடையாளம் போதும்.

ஏன் கியூபா என்று கேட்பீர்கள். 2019 மார்ச்சில் ரொறன்ரோக் குளிருக்குத் தப்பி எல்லாரையும்போல நாங்களும் கியூபாவின் வரடேரோக் கடற்கரைக்குப் போனோம். மூன்றாம் நாளே கடற்கரை அலுத்து, பஸ் பிடித்துத் திரினிடாட் போனோம். தீவு இல்லை, கியூபாவில் அந்தப் பெயரில் ஒரு பழைய நகரம். அங்கிருந்து எஸ்காம்ப்ராய் மலையில் தோப்பெஸ் தெ கொயாந்தெஸ் என்ற இடத்துக்கு ஏறினோம். மலையில் மரநிழலில் சின்னக் கோப்பையில் குடித்த அந்தக் கோப்பி இன்னும் நாக்கில் நிற்கிறது. நாங்கள் தங்கிய வீட்டு அம்மா அடுத்த நாள் காலை தந்தது வேறு. அது பங்கீட்டுக் கோப்பி. அதில் வறுத்த பட்டாணி கலந்திருக்கும், அரசாங்கமே கலந்துதான் கொடுக்கிறது. ஊற்றும்போதே அவர் "சீச்சாரோ" என்று சொல்லிச் சிரித்தார். பட்டாணி என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அந்த மனுசி தன் மாதப் பங்கிலிருந்து எங்களுக்கு ஊற்றினார், கலப்படத்தையும் மறைக்கவில்லை. இந்தப் பதிவை எழுத எழுத அவரின் முகம்தான் வருகிறது.

இன்னொன்று. கனடாவில் இருப்பவர்களுக்குக் கியூபக் கோப்பி வாங்கத் தடை இல்லை. நியூ ஜேர்சியில் இருக்கும் என் மச்சாள் "எங்கள் கடையிலும் கியூபன் கோப்பி இருக்கிறதே" என்று பேணியைப் படம் எடுத்து அனுப்புவார். அது கியூப முறையில் கரும்வறுவலாக வறுத்த வேறு நாட்டுக் கொட்டை. 1962 முதல் அமெரிக்காவில் கியூபாவோடு வணிகத் தடை. ஆக, இங்கே கிடைக்கிறது என்பதே எனக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமையில்தான் விழுந்தேன்.

நவம்பரில் அந்தக் கடையில் 100 கிராம் மாதிரிப் பொட்டலம் ஒன்று வாங்கினேன். 12 டொலர், தளத்தின் மூலமாகவே. பொட்டலத்தில் கிறிஸ்டல் மவுண்டன் என்று போட்டிருந்தது. எஸ்காம்ப்ராய்ப் பக்கத்தோடு சேர்த்துச் சொல்லும் உயர்தரம் அது, பெரும்பகுதி ஜப்பானுக்குப் போய்விடும். கொட்டைகள் எல்லாம் ஒரே பருமன், நீலம் ஓடிய பச்சை. கையில் எடுத்து மணந்தால் புதுப் புல்லின் வாசம். இரும்புத் தாச்சியில் வறுத்தேன். சூடேறிக் கொட்டை வெடிக்கும் முதல் வெடிப்பு படபடவென்று ஒரே சீராகக் கேட்டது. ஈரம் போய் 100 கிராம் 85 ஆக இறங்கியது, அதுவும் கணக்குச் சரி. ஒரு நாள் ஆறவிட்டுச் சுவை பார்க்க இருந்தேன்.

வீட்டில் சுவை பார்ப்பது பெரிய வித்தை இல்லை. கொஞ்சம் பருமனாக அரைத்து, ஒரு கோப்பைக்கு 8.25 கிராம் போட்டு, முதலில் உலர்ந்த தூளை மணக்க வேண்டும். பிறகு 93 பாகைச் சூட்டில் 150 மில்லிலீட்டர் தண்ணீர். நாலு நிமிடம் தொடக்கூடாது. மேலே ஏடு கட்டும். கரண்டியின் முதுகால் அதை உடைக்கும்போது மூக்கு கோப்பைக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் அந்த வாசம் ஒரு தரம்தான் வரும். நுரையை வழித்துப் போட்டு, பத்து நிமிடம் கழிந்ததும் கரண்டியால் எடுத்துச் சத்தம் வர உறிஞ்ச வேண்டும். (சின்ன வயதில் இப்படி உறிஞ்சினால் அம்மா தலையில் குட்டுவார்.) சூட்டில் ஒரு தரம், வெதுவெதுப்பில் ஒரு தரம், ஆறிய பிறகு ஒரு தரம். குறை இருந்தால் ஆறும்போதுதான் வெளியே வரும்.

அந்த மாதிரி ஆறியும் அழகாக நின்றது. கென்யாக் கோப்பியின் பழப்புளிப்பைத் தேடுகிறவர்களுக்குக் கியூபா பிடிக்காது. இதில் புளிப்பு மிகக் குறைவு, நாக்கில் நல்ல கனம், கொக்கோக் கசப்பு, விழுங்கிய பிறகு தொண்டையில் புகையிலை வாசம். நான் மனம் குளிர்ந்துபோய் ஐந்து நட்சத்திரம் போட்டு, "யாழ்ப்பாணத்தில் புகை போட்ட புகையிலைக் குடிலுக்குள் நின்ற மாதிரி இருக்கிறது" என்று நீளமாக ஒரு மதிப்புரையும் எழுதினேன். இந்த வசனத்தை ஞாபகம் வைத்திருங்கள்.

மூன்றாம் நாள் கடைக்காரர் நேரே எனக்கு எழுதினார். "உங்களைப்போல நாக்கு உள்ளவர்கள் குறைவு" என்று தொடங்கினார். வரலாறு எழுதினார். 1791இல் இன்றைய ஹெயிட்டியில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது தப்பி வந்த பிரெஞ்சுக்காரர் கியூபாவின் கிழக்கு மலைகளில் தோட்டம் போட்ட கதை, அந்தத் தோட்டங்களின் இடிபாடுகள் 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த கதை, 1,974 மீட்டர் உயரமான துர்க்கினோ சிகரத்தின் பெயரில்தான் வேறு சில தரங்கள் அழைக்கப்படுகின்றன என்ற விளக்கம். 1960களின் தொடக்கத்தில் 60,000 டன் விளைந்த நாடு இன்று தன் சனத்துக்கே போதாமல் வெளியிலிருந்து கோப்பி இறக்குகிறது, அதனால்தான் விலை என்றார். இதில் ஒன்றும் பொய் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். உண்மையைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கொண்டுபோய் இருத்திவிட்டார்.

கடைசியில் விசயத்துக்கு வந்தார். அதே மூட்டையில் நாலு கிலோதான் மிச்சம். தளத்துக்குத் தரகு கொடுக்க வேண்டாம், மின்னஞ்சல் பணமாற்றத்தில் நேரே அனுப்பினால் 10 வீதம் கழிவு. அனுப்பும் செலவோடு 286 டொலர். "நீங்கள் சுவை பார்த்த கொட்டைதானே" என்றார். ஆம், நான் சுவை பார்த்ததுதானே என்று நானும் நினைத்தேன். இரவு பதினொன்றரைக்குச் சாப்பாட்டு மேசையில் இருந்து பணத்தை அனுப்பினேன். முப்பது செக்கன் கூட எடுக்கவில்லை.

பொதி ஜனவரி நடுவில் வந்தது. வெளியே மைனஸ் 18. அன்றே கடைக்காரரிடமிருந்து அன்பாக ஒரு செய்தி: குளிரில் வந்த கொட்டையை உடனே திறந்தால் ஈரம் பிடிக்கும், இரண்டு கிழமை மூடியபடி அறையில் வையுங்கள், அப்போதுதான் சுவை விரியும். ஒரு நாள் வைத்தால் போதும் என்று எனக்கே தெரியும். ஆனால் இவ்வளவு தெரிந்த மனிசன் சொல்கிறாரே என்று பையை அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டேன். அவருடைய கடையில் திருப்பி எடுக்கும் காலம் 14 நாள் என்பது பிறகுதான் கண்ணில் பட்டது.

பதினாறாம் நாள் சனிக்கிழமை. மேல்வீட்டு அண்ணையையும் மச்சானையும் கூப்பிட்டிருந்தேன், நல்ல கோப்பி காட்டுகிறேன் என்று வீறாப்பு வேறு. பையை வெட்டியதும் அண்ணை மூக்கைச் சுளித்தார். புதுப் புல் வாசம் இல்லை, மழை நனைந்த பழைய சாக்கின் மணம். கொட்டை வைக்கோல் நிறத்துக்கு வெளுத்திருந்தது. எத்தனை வருடக் கொட்டையோ. ஒன்று பெரிது, ஒன்று சின்னன். பேப்பரில் கொட்டிப் பார்த்தால் பாதிக்கு நடுக்கோடு நெளிந்து ஓடவில்லை, நேராக இருந்தது, கொட்டையும் உருண்டை. அது ரொபஸ்ரா, கசப்புக் கூடிய மலிவான கோப்பி இனம். கியூபாவிலும் ரொபஸ்ரா விளைகிறதுதான், ஆனால் கிறிஸ்டல் மவுண்டன் என்ற பெயரில் அது வரக்கூடாது.

350 கிராம் நிறுத்து எடுத்து மூன்று பேரும் இருந்து எண்ணினோம். முழுக்கறுப்புக் கொட்டை 11. வண்டு துளைத்தவை 60க்கு மேல். ஒரு கல். உயர்தரக் கோப்பி என்று சொல்ல வேண்டுமானால் 350 கிராமில் முழுக்கறுப்பு ஒன்று கூட இருக்கக்கூடாது. 11! எண்ணி முடித்ததும் மச்சான் ஒன்றும் பேசாமல் கல்லை எடுத்து என் கையில் வைத்தான்.

அப்படியிருந்தும் வறுத்தேன். மடையன்தான். சில கொட்டை கருகியது, சில வேர்க்கடலை நிறத்துக்கு மேலே ஏறவே இல்லை. முதல் வெடிப்பு எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்றே சொல்ல ஏலாது. மூன்று கோப்பை ஊற்றி ஏட்டை உடைத்தேன். ரயர் எரிந்த மணம். அண்ணை ஒரு கரண்டி உறிஞ்சிவிட்டு, மரியாதைக்கு விழுங்கி, "தம்பி, தேத்தண்ணி இருக்கோ?" என்று கேட்டார்.

இனி நடந்த கூத்து. அன்று பின்னேரமே படங்களோடு கடைக்காரருக்கு எழுதினேன். முதல் பதில்: "சுவை ஆளுக்கு ஆள் மாறும்." நான் சுவையைப் பற்றியா கதைத்தேன்? கல்லைப் பற்றி எழுதினேன். இரண்டாவது: "இது இயற்கை விளைபொருள், சிறு வேறுபாடுகள் இருக்கும்." மூன்றாவது: "வறுத்துவிட்டீர்கள், இனி திருப்பி எடுக்க முடியாது." வறுத்தது 100 கிராம், மிச்சம் 3 கிலோ 900 கிராம் அப்படியே இருக்கிறது என்றேன். நாலாவது: "14 நாள் கடந்துவிட்டது." நீங்கள்தானே இரண்டு கிழமை திறக்காதே என்றீர்கள் என்று அவருடைய செய்தியையே படம் எடுத்து அனுப்பினேன். "அது பொதுவான ஆலோசனை மட்டுமே."

தளத்துக்கு எழுதினால், "உங்கள் அனுபவம் எங்களுக்கு முக்கியம்" என்று மூன்று முறை ஒரே பதில். நாலாம் முறை ஒரு மனிதப் பிறவி வந்து, இந்த 286 டொலர் கொள்வனவு எங்கள் பதிவிலேயே இல்லை, 12 டொலர் கொள்வனவு மட்டும்தான் இருக்கிறது, அதற்கு நீங்கள் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறீர்கள் என்றார். வங்கியில் நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பிள்ளை, "நீங்களே விரும்பி அனுப்பிய பணம், ஐயா" என்றாள். அவளில் பிழை இல்லை. மாகாண நுகர்வோர் பிரிவுக்கு முறைப்பாடு போட்டிருக்கிறேன். இலக்கம் வந்திருக்கிறது, 286 டொலர் வரவில்லை.

இன்று காலை கடைக்காரர் அனுப்பியதுதான் உச்சம். ஒரு சொல்லும் எழுதவில்லை. என்னுடைய புகையிலைக் குடில் மதிப்புரையை வெட்டி எனக்கே ஒட்டி அனுப்பியிருந்தார்.

கியூபக் கோப்பியை வீட்டில் வைத்துத் தரம் பார்ப்பது எப்படி என்று ஒரு நீண்ட பதிவு எழுதுவதாக நண்பர்களுக்குச் சொல்லியிருந்தேன். வறுவலின் அளவு, மோக்கா கெட்டில், முதல் சொட்டுகளில் சீனியை அடித்து நுரை எடுக்கும் அவர்களுடைய முறை, எல்லாம் எழுத இருந்தேன். இப்போது மனம் இல்லை. அவசரமாக இவ்வளவுதான்: பொதி வந்த அன்றே, திறப்பதைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டே திறவுங்கள். யார் பொறுக்கச் சொன்னாலும் பொறுக்க வேண்டாம். வறுக்கும் முன்பே 350 கிராமைப் பேப்பரில் கொட்டி எண்ணுங்கள். எந்த ஆண்டு அறுவடை என்று கேளுங்கள். ஏற்றுமதி மூட்டையில் நாடு, ஏற்றுமதியாளர், தொகுதி என்று மூன்று இலக்கம் கொண்ட குறி இருக்கும், அது தெளிவாகத் தெரியும் படம் கேளுங்கள். எனக்கு வந்த படத்தில் அந்த இடம்தான் மங்கல், நேற்றுத்தான் பெரிதாக்கிப் பார்த்தேன். தளத்துக்கு வெளியே ஒரு சதமும் அனுப்ப வேண்டாம். மாதிரி நன்றாக இருந்தால் நன்றாக இருந்தது என்று உங்கள் வீட்டுக்காரிக்குச் சொல்லுங்கள், கடைக்கு எழுதாதீர்கள்.

மதிப்புரையை அழிக்கப் பார்த்தேன். 30 நாள் கடந்தால் மாற்ற விடாதாம். அந்தக் கடைப் பக்கத்தில் இப்போதும் அதுதான் முதலாவதாக நிற்கிறது, "உதவியாக இருந்தது" என்று 23 பேர் அழுத்தியும் இருக்கிறார்கள். வறுக்காத கோப்பி தேடும்போது யாராவது புகையிலைக் குடிலைப் பற்றிப் புகழ்ந்து எழுதியிருப்பதைக் கண்டால், அதை எழுதியது நான்தான். வாங்காதீர்கள்.