விரல்நுனிப் பல்ஸ் ஆக்சிமீட்டர்: பெட்டியில் அச்சிடப்படாத தகவல்களுடன் ஒரு மதிப்புரை

வீட்டில் நுரையீரல் நோயாளி ஒருவர் இருந்தால் விரல்நுனிப் பல்ஸ் ஆக்சிமீட்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்பதே என் முடிவு. ஆனால் அது காட்டும் எண்ணை எப்படி வாசிக்க வேண்டும் என்பதைக் கருவியுடன் வரும் துண்டுச்சீட்டு சொல்வதில்லை. அதைச் சொல்பவை மருத்துவமனைகளில் நடந்த ஆய்வுகள். அவற்றிலும் முக்கியமானவை கொரோனா காலத்திலும் அதற்குப் பின்பும் வெளியானவை. மாநிறமும் கருநிறமும் கொண்ட நம்மைப் போன்றவர்கள் அந்த ஆய்வுகளின் முடிவை அறியாமல் இக்கருவியை நம்பியிருப்பது சில வேளைகளில் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். எனவே ஒரு நிறுவனத்தின் தயாரிப்பை மட்டும் எடுத்துக்கொள்ளாமல், மருந்துக் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும் இந்த வகைக் கருவியையே இங்கு மதிப்பிடுகிறேன்.

பல ஆண்டுகள் விறகடுப்புப் புகையில் சமைத்த என் அம்மாவுக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருப்பதால், எங்கள் வீட்டில் இக்கருவி தொடர்ந்து பயன்பாட்டில் உள்ளது. பயன்படுத்துவது எளிது. கவ்வியைத் திறந்து விரலை உள்ளே வைத்தால் சில நொடிகளில் ஆக்சிஜன் செறிவும் (ரத்தத்தின் ஹீமோகுளோபினில் எத்தனை விழுக்காடு ஆக்சிஜனை ஏற்றியிருக்கிறது என்ற எண்) நாடித்துடிப்பும் திரையில் வந்துவிடும். மூச்சிரைப்பு அதிகமாகும் நாள்களில் அம்மாவின் வழக்கமான எண்ணிலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைப் பார்த்து மருத்துவரிடம் தொலைபேசியில் சொல்ல முடிகிறது. பயன் என்ற வகையில் இதற்கு மேல் விரித்துச் சொல்ல அதிகமில்லை. சொல்ல வேண்டியவை எல்லாம் அந்த எண் எப்படிப் பிறக்கிறது, எங்கே தவறுகிறது என்பதில்தான் இருக்கின்றன.

கருவியின் ஒரு பக்கத்திலிருந்து சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் விரலுக்குள் செல்கின்றன. மறுபக்கத்தில் உள்ள உணரி, விரலைக் கடந்து வரும் ஒளியை அளக்கிறது. ஆக்சிஜனை ஏற்றிய ஹீமோகுளோபின் அகச்சிவப்பு ஒளியைக் கூடுதலாகவும், ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் சிவப்பு ஒளியைக் கூடுதலாகவும் உறிஞ்சும். ஆனால் விரலில் தோல், சதை, எலும்பு, சிரை ரத்தம் ஆகியவையும் ஒளியை உறிஞ்சுகின்றன. அவற்றிலிருந்து தமனி ரத்தத்தை மட்டும் பிரித்தறியும் வழியைக் கண்டவர் ஜப்பானின் நிஹான் கோடன் நிறுவனப் பொறியாளர் தக்குவோ அயோயாகி. இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் அளவைச் சாயம் செலுத்தி அளக்க முயன்றபோது, நாடித்துடிப்பால் அளவீட்டில் ஏற்பட்ட அலைவு அவருக்கு இடைஞ்சலாக இருந்தது. துடிப்போடு மாறும் பகுதி தமனி ரத்தம் மட்டுமே என்பதை உணர்ந்து, அந்த இடைஞ்சலையே அளவீடாக மாற்றி 1974இல் அவர் வெளியிட்டார். உலகம் முழுவதும் மக்கள் அவருடைய கண்டுபிடிப்பைத் தேடி அலைந்த 2020 ஏப்ரலில், தம் 84ஆம் வயதில் அவர் காலமானார்.

திரையில் வரும் எண் ரத்தத்தில் நேரடியாக அளந்ததன்று என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். ஆரோக்கியமான தன்னார்வலர்களை ஆக்சிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்க வைத்து, அவர்களுடைய தமனி ரத்தத்தையும் கருவியின் ஒளி அளவையும் ஒரே நேரத்தில் பதிவு செய்து உருவாக்கிய அட்டவணையிலிருந்து அந்த எண் எடுக்கப்படுகிறது. பெட்டியில் பொதுவாக ±2% அல்லது ±3% என்று அச்சிட்டிருப்பார்கள். பிழை ஒருபோதும் அதைத் தாண்டாது என்று வாங்குபவர் நினைப்பது இயல்பே. உண்மையில் அளவீடுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே அந்த எல்லைக்குள் அமையும். தான் அனுமதி அளித்த கருவி ஒன்று 90 என்று காட்டினால், ரத்தத்தில் உள்ள உண்மையான செறிவு பொதுவாக 86க்கும் 94க்கும் இடையில் இருக்கும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2021 பிப்ரவரியில் வெளியிட்ட எச்சரிக்கையில் விளக்கியது. 86 உள்ளவருக்கு உடனே ஆக்சிஜன் தேவை. 94 உள்ளவரை வீட்டிலேயே கவனித்துக்கொள்ளலாம். இவ்வளவு பெரிய இடைவெளியை ஒரே எண் மூடி மறைத்துவிடுகிறது. இது முறைப்படி அனுமதி பெற்ற கருவிகளின் நிலை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்பிரான்சிஸ்கோ ஆய்வகம் விலை மலிவான 6 கருவிகளைச் சோதித்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், 4 கருவிகள் பன்னாட்டுத் தர அளவுகோலை எட்டவில்லை.

தோலின் நிறம் குறித்த கேள்வி நம்மை நேரடியாகத் தொடுவதால் அதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். தோலுக்கு நிறம் தரும் மெலனின் ஒளியை உறிஞ்சுகிறது. துடிப்போடு மாறும் பகுதியை மட்டும் கணக்கிடுவதால் தோல் நிறத்தின் தாக்கம் நீங்கிவிடும் என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. அந்த நம்பிக்கை முழுவதும் சரியில்லை என்பதற்கான சான்று 1990இலேயே கிடைத்துவிட்டது. செயற்கைச் சுவாசத்தில் இருந்த நோயாளிகளை ஆராய்ந்த அமல் ஜுப்ரான், மார்ட்டின் டோபின் ஆகியோர், வெள்ளையின நோயாளிகளுக்கு 92 என்ற இலக்கு போதுமானதாக இருந்தாலும் கறுப்பின நோயாளிகளுக்கு 95 வரை இலக்கு வைக்க வேண்டியிருக்கும் என்று எழுதினார்கள். 2005இல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த ஆய்வு, ஆக்சிஜன் செறிவு இறங்க இறங்க, கருத்த தோலில் கருவி கூட்டிக் காட்டும் அளவு வளர்கிறது என்று காட்டியது. அதாவது உதவி மிகவும் தேவைப்படும் நிலையில்தான் பிழையும் பெரிதாகிறது. இத்தனை தெரிந்திருந்தும் கருவிகள் மாறாமல் விற்பனையாகிக்கொண்டிருந்தன என்பது எனக்குப் பெரும் வருத்தத்தைத் தருகிறது.

மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் மைக்கேல் ஷோடிங் குழுவினர் செய்த ஆய்வு 2020 டிசம்பரில் வெளிவந்த பிறகுதான் உலகம் இதைக் கவனித்தது. ஆக்சிஜன் சிகிச்சையில் இருந்த நோயாளிகளின் பழைய பதிவேடுகளிலிருந்து, ஏறத்தாழ ஒரே நேரத்தில் எடுக்கப்பட்ட கருவி அளவையும் தமனி ரத்தப் பரிசோதனை அளவையும் 10,789 இணைகளாக அவர்கள் ஒப்பிட்டார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டிய வேளைகளில், கறுப்பின நோயாளிகளின் அளவீடுகளில் 11.7 விழுக்காட்டில் உண்மைச் செறிவு 88க்கும் கீழே இருந்தது. வெள்ளையின நோயாளிகளிடம் அது 3.6 விழுக்காடு மட்டுமே. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழுமத்தைச் சேர்ந்த மருத்துவமனைகளின் கோவிட் நோயாளிகளைப் பற்றி 2022இல் வெளியான ஆய்வு ஆசியர்களையும் தனியே கணக்கிட்டது. வெள்ளையினத்தவரோடு ஒப்பிட்டால் ஆசிய நோயாளிகளுக்குக் கருவி சராசரியாக 1.7 புள்ளிகள் கூட்டிக் காட்டியது. கறுப்பின நோயாளிகளும் ஹிஸ்பானிய நோயாளிகளும் சிகிச்சைக்குத் தகுதியானவர்கள் என்பது தாமதமாகவே உணரப்பட்டது, சிலருக்கு உணரப்படவே இல்லை என்றும் அந்த ஆய்வு பதிவு செய்தது.

இந்த ஆய்வுகளுக்கு ஒரு குறை உண்டு. இவை நோயாளியின் இனத்தைத்தான் குறித்தன. தோலின் நிறத்தை அளக்கவில்லை. ஆசியர் என்ற ஒரே பெயருக்குள் கொரியரும் தமிழரும் அடங்கிவிடுவதால், அந்த 1.7 என்ற சராசரியை நமக்கென்று அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. எனினும் பிழை எந்தத் திசையில் செல்கிறது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை: தோல் கருத்தவர்களுக்குக் கருவி, இருப்பதைவிட நல்ல நிலையைக் காட்டவே வாய்ப்பு அதிகம்.

ஓரிரு புள்ளிகளுக்கு இத்தனை கவலை தேவையா என்று கேட்பவர்களுக்கு, சிகிச்சை முடிவுகள் அந்த ஓரிரு புள்ளிகளை ஒட்டியே எடுக்கப்படுகின்றன என்பதே பதில். இந்தியாவின் கோவிட் வழிகாட்டுதலில் 94க்குக் கீழே இறங்கினால் நடுத்தர நிலை, 90க்குக் கீழே சென்றால் தீவிர நிலை என்று பிரிக்கப்பட்டது. பிரிட்டன் மருத்துவமனைகளில் நடந்த ரிக்கவரி ஆய்வு, செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் இறப்பை டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து 41.4 விழுக்காட்டிலிருந்து 29.3 விழுக்காடாகக் குறைத்தது என்று காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படாத நோயாளிகளுக்கோ அதே மருந்தால் எந்தப் பயனும் தென்படவில்லை. ஆகவே ஆக்சிஜன் தேவையா, இல்லையா என்ற கேள்வியே ஸ்டீராய்டு தரலாமா என்பதையும் தீர்மானித்தது. கருவி கூட்டிக் காட்டினால், உயிர்காக்கும் மருந்து கிடைக்க வேண்டியவருக்கு அது கிடைக்காமல் போகலாம்.

இதற்கு நேர்மாறான நிலை என் அம்மாவுடையது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் செறிவை 100க்கு உயர்த்த முயல்வதே தீங்காகலாம். டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸ் ஊழியர்களைக் கொண்டு நடத்தி 2010இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 88 முதல் 92 வரை என்ற இலக்கை வைத்து ஆக்சிஜனை அளந்து கொடுத்தபோது, அடைப்பு நோய் உறுதியானவர்களின் இறப்பு அபாயம், தாராளமாக ஆக்சிஜன் கொடுக்கப்பட்டவர்களோடு ஒப்பிடுகையில் 78 விழுக்காடு குறைந்தது. திரையில் 91 என்று கண்டவுடன் வீட்டிலுள்ள ஆக்சிஜன் செறிவூட்டியை முழு வேகத்தில் திருப்பிவிடும் உறவினர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். அம்மாவுக்கு எந்த எண் சரி என்பதை மருத்துவரிடம் கேட்டு, அதை எழுதிக் கருவியின் உறையிலேயே ஒட்டி வைத்திருக்கிறோம்.

ரத்த நோய்கள் இருப்பவர்களுக்குத் தனியாகச் சில எச்சரிக்கைகள் தேவை. ஹீமோகுளோபினில் எத்தனை விழுக்காடு ஆக்சிஜனை ஏற்றியிருக்கிறது என்பதைத்தான் கருவி சொல்கிறது. ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கும். 15 கிராம் உள்ளவரின் 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ 20 மில்லிலிட்டர் ஆக்சிஜன் இருக்கும்போது, ரத்தசோகையால் 7 கிராமுக்கு இறங்கிவிட்டவரிடம் 9 மில்லிலிட்டர்தான் இருக்கும். கருவியோ இருவருக்கும் 98 என்றே காட்டும். பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை உள்ள நம் நாட்டில், திரையில் எண் நன்றாக இருக்கிறதே என்று மூச்சிரைப்பைப் புறக்கணிப்பது பெருந்தவறு. மூடிய அறையில் கரி எரித்ததால் கார்பன் மோனாக்சைடு நஞ்சேறியவருக்கும் கருவி நல்ல எண்ணைக் காட்டும், ஏனெனில் அந்த வாயு ஏறிய ஹீமோகுளோபினை ஆக்சிஜன் ஏறியதாகவே அது எடுத்துக்கொள்கிறது. தொழுநோய்க்குத் தரப்படும் டாப்சோன் என்ற மருந்து சிலருக்கு மெத்ஹீமோகுளோபினை, அதாவது ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி மாறிய ஹீமோகுளோபினை, அதிகரிக்கச் செய்யும். அது மிகும்போது உண்மைச் செறிவு எதுவானாலும் அளவீடு 85ஐ ஒட்டி நின்றுவிடும். சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளைந்துவிடும் பரம்பரை நோயான அரிவாள் செல் நோய் இந்தியாவில் முதன்முதலாக 1952இல் கண்டறியப்பட்டது நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். அந்நோயாளிகளுக்கும் இக்கருவியின் அளவு உண்மையிலிருந்து விலகக்கூடும் என்பதால், வலியோ மூச்சுத் திணறலோ வரும்போது எண்ணைப் பார்த்துக் காத்திருக்கக் கூடாது.

குழந்தைகளைப் பொறுத்தவரை இக்கருவியின் நன்மையை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். பப்புவா நியூ கினியின் 5 மருத்துவமனைகளில் ஆக்சிமீட்டரும் ஆக்சிஜன் செறிவூட்டியும் ஒருசேரக் கொண்டுவரப்பட்ட பிறகு, நிமோனியாவால் இறந்த குழந்தைகளின் விகிதம் 4.97இலிருந்து 3.22 விழுக்காடாகக் குறைந்தது. ஆனால் அங்கே பயன்பட்டது மருத்துவமனைக் கருவி, பயிற்சி பெற்றவர்களின் கையில். பெரியவர்களின் விரலுக்கென்று செய்யப்பட்ட கவ்வியைக் கைக்குழந்தையின் விரலில் மாட்டி வரும் எண்ணை நம்பக் கூடாது.

வாங்குபவர்கள் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் உரிம எண் பெட்டியில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அடுத்து, நாடித்துடிப்பின் வலுவை அலைக்கோடாகக் காட்டும் திரை உள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அலை சீராக வராதபோது எண்ணுக்கு மதிப்பில்லை என்பதை அதைக் கொண்டுதான் அறிய முடியும். கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்கி, நகப்பூச்சோ அடர்ந்த மருதாணியோ இல்லாத விரலில் வைத்து, எண் நிலைபெறும்வரை அசையாமல் இருக்க வேண்டும். நலமாக இருக்கும் நாளிலேயே அவரவருடைய வழக்கமான எண்ணைக் குறித்துக்கொண்டால், பின்னால் ஏற்படும் இறக்கத்தை அதோடு ஒப்பிடலாம். கருவியின் நிலையான பிழை இரண்டு அளவீடுகளிலும் பெரும்பாலும் இருக்குமாதலால், தனி எண்ணைவிட இந்த ஒப்பீடு நம்பத்தக்கது. விலை இப்போது பெருங்குறையாக இல்லை. 2021 ஜூலையில் மத்திய அரசு இக்கருவிக்கான வணிக லாபத்துக்கு 70 விழுக்காடு என்று உச்சவரம்பு விதித்தது நல்ல நடவடிக்கை.

நான் கண்ட துண்டுச்சீட்டுகளில் தோல் நிறம் பற்றி ஒரு வரிகூட இல்லை. தமிழில் விளக்கமும் இல்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி 10 தன்னார்வலர்களைக் கொண்டு சோதித்தாலே போதும். அவர்களில் இருவர் கருத்த தோல் உடையவராக இருந்தால் தேவை நிறைவேறிவிடும். அந்நிர்வாகம் 2025 ஜனவரியில் வெளியிட்ட புதிய வழிகாட்டுதலின் வரைவு, தோல் நிறத்தை அளவுகோல் கொண்டு குறித்து, 150 அல்லது அதற்கு மேற்பட்டவர்களிடம் சோதிக்க வேண்டும் என்கிறது. நம் மக்களிடம் சோதிப்பதற்கு அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. சென்னை, மதுரை, கோவை அரசு மருத்துவக் கல்லூரிகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் தமனி ரத்தப் பரிசோதனையும் ஆக்சிமீட்டர் அளவும் அன்றாடம் எடுக்கப்படுகின்றன. மிச்சிகன் குழு செய்ததுபோல் அவற்றை நேரம் பொருத்தி ஒப்பிட்டு, நோயாளியின் தோல் நிறத்தையும் உடன் குறித்துக்கொண்டால், நம் விரலில் இக்கருவி எத்தனை புள்ளிகள் தவறுகிறது என்பதை நம் மருத்துவர்களே கணக்கிட்டுவிடலாம். அந்த எண் கிடைத்தவுடன் அதைத் தமிழிலேயே பெட்டியின் மேல் அச்சிட வேண்டும் என்று உற்பத்தியாளர்களையும் அரசையும் கேட்டுக்கொள்கிறேன்.