பழைய கடிதங்களுக்கு ஒரு பாதுகாப்புப் பெட்டி: பயன்படுத்திப் பார்த்தவளின் மதிப்புரை

போதகர்கள், ஆயர்கள், துறவியர் தங்கள் கைப்பட எழுதிய பழைய கடிதங்களைச் சேர்ப்பவள் நான். அவற்றை வைப்பதற்கென்றே விற்கப்படும் பாதுகாப்புத் தொகுப்பு ஒன்றை வாங்கி, ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் பயன்படுத்திவிட்டேன். தொகுப்பில் மூன்று பொருள்கள்: தெளிவான பாலியஸ்டர் உறைகள், நான்கு பக்கமும் மடித்து மூடும் காகித மடிப்புறைகள், எல்லாவற்றையும் படுக்கை வசத்தில் அடுக்கி வைக்க ஓர் அட்டைப் பெட்டி. நல்ல பொருள், தாராளமாக வாங்கலாம். ஆனால் எந்தக் கடிதத்தை எதில் வைக்க வேண்டும் என்பது கூட வரும் குறிப்புத்தாளில் இல்லை. தெரியாமல் வைத்தால் காக்க வாங்கிய உறையே கடிதத்தைக் கெடுக்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சமயப் பெரியவர்களின் கடிதங்களுக்குப் பூச்சியும் ஈரமும் செய்த கேட்டைவிட அன்பு செய்த கேடு அதிகம் என்பது என் எண்ணம். அவிலாவின் புனித தெரேசா 1582இல் இறந்தார். ஓயாமல் கடிதம் எழுதியவர், ஆனால் இன்று மிஞ்சியிருப்பவை 500க்கும் குறைவு. மிஞ்சியதிலும் சில முழுசாக இல்லை. புனிதரின் நினைவாகப் போற்றும் திருப்பண்டமாக வைத்துக்கொள்ள, ஒரு சொல், ஓர் எழுத்து என்று வெட்டி எடுத்துவிட்டார்கள். அப்புறம் 19ஆம் நூற்றாண்டு ஆல்பக்காரர்கள் வந்தார்கள். கையெழுத்தை மட்டும் கத்தரித்து, பசை தடவி ஒட்டி, மீதிக் கடிதத்தைத் தூக்கிப் போட்டவர்கள். இன்றைக்கும் சந்தையில் அந்தத் துணுக்குகள்தான் மலிவாகக் கிடைக்கின்றன. கடிதம் முழுசாக, இரு பக்கமும் படிக்கும்படி, யாரும் தொடாமல் இருக்க வேண்டும் என்பதுதான் நான் எந்தப் பொருளையும் சோதிக்கும் அளவுகோல். இந்தத் தொகுப்பையும் அப்படித்தான் பார்த்தேன்.

முதலில் பாலியஸ்டர் உறை. என் தொகுப்பில் வந்தது 75 மைக்ரான் தடிமன். 50 மைக்ரானில் வாங்கினால் ஏ4 அளவு உறை கையில் எடுக்கும்போதே நடுவில் தொய்ந்து கடிதத்தையும் சேர்த்து வளைக்கும். 75 போதும், 100 இன்னும் நிமிர்ந்து நிற்கும். தெளிவைப் பற்றிக் குறை சொல்லவே முடியாது. பத்து மடங்கு உருப்பெருக்கியை உறையின் மேலேயே வைத்துப் பார்த்தேன். பேனா முள் அழுந்திய இடத்தில் கோடு இரண்டாகப் பிளந்திருப்பது வரை தெரிகிறது.

என்னிடம் சார்ல்ஸ் ஸ்பர்ஜனின் கடிதம் ஒன்று உண்டு. லண்டன் மெட்ரோபாலிட்டன் டேபர்நேக்கிள் சபையின் போதகர், 1892இல் இறந்தவர். அந்தக் காலத்துச் சிறிய கடிதத்தாள் ஒரே தாளை நடுவில் மடித்தது. மடித்த நிலையில் ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் உயரம், 11 சென்டிமீட்டர் அகலம் இருக்கும், மொத்தம் நான்கு பக்கம். அதை விரித்து இந்த ஏ4 உறைக்குள் வைத்தால் ஒரு புறம் இரண்டும் மூன்றும், மறுபுறம் நான்கும் ஒன்றும். உறையைத் திருப்பினால் போதும், கடிதத்தில் விரல் படாமல் முழுவதும் படித்துவிடலாம். மடிப்பைத் திரும்பத் திரும்ப விரித்து மூடுவதால்தான் இத்தகைய கடிதங்கள் நடுவில் பிளக்கின்றன. அந்த ஒரு தொல்லையைத் தீர்த்ததற்காகவே இந்த உறைக்கு நன்றி சொல்கிறேன்.

இனிக் குறை. உறைகள் மூன்று பக்கம் ஒட்டி, ஒரு பக்கம் மட்டும் திறந்தவை. கடிதத்தை உள்ளே தள்ளித்தான் செலுத்த வேண்டும். 18ஆம் நூற்றாண்டு மெதடிஸ்ட் போதகர் ஒருவரின் கடிதம் என்னிடம் இருக்கிறது, பெரிதாகப் பெயர் தெரியாதவர். தனி உறை இல்லாத காலம் அது. கடிதத்தையே மடித்து, மடிப்பின் மேல் அரக்கு முத்திரை வைத்து, வெளிப்பக்கத்தில் முகவரி எழுதி அனுப்புவார்கள். பெற்றவர் பிரிக்கும்போது முத்திரை இருந்த இடத்தில் காகிதம் கிழியும், கிழிந்த துண்டு அரக்கோடு எதிர்ப்பக்கத்தில் ஒட்டியிருக்கும். என் கடிதத்தில் அந்தச் சிவப்பு அரக்கு பாதி உடைந்து, அடியில் காகிதத் துணுக்கோடு இன்னும் இருக்கிறது. கவனமாகப் பார்த்தால் அந்தத் துணுக்கில் ஒரு சொல்லின் பின்பாதி தெரியும், இந்தப் பக்கத்து ஓட்டையில் நிற்கும் வரி அங்கே போய் முடிகிறது. இதை ஒரு பக்கம் மட்டும் திறந்த உறைக்குள் தள்ளினால் அரக்கு உரசி உதிராதா? அடுத்தடுத்த இரு பக்கம் மட்டும் ஒட்டி, மற்ற இரண்டும் திறந்திருக்கும் உறைதான் இதற்குச் சரி. மேல் தாளைத் தூக்கி, கடிதத்தைப் படுக்க வைத்து, மூடிவிடலாம். அந்த வகை தனியாகக் கிடைக்கிறது. தொகுப்பிலேயே அதைத் தந்திருக்க வேண்டும்.

அளவும் போதவில்லை. அந்தக் காலப் பெரிய தாளை விரித்தால் ஏறக்குறைய ஏ3 அளவு வரும். ஏ4 பெட்டியில் அதை மடித்துத்தான் வைக்க முடியும். மடித்து வைத்தால் உள்பக்கம் இரண்டையும் படிக்க ஒவ்வொரு முறையும் வெளியே எடுக்க வேண்டியிருக்கிறது.

விற்பவர் சொல்லாமல் விட்ட பெரிய விஷயம் மை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை பெரும்பாலான கடிதங்கள் மாசிக்காயும் அன்னபேதி என்னும் இரும்பு உப்பும் சேர்த்துச் செய்த மையில் எழுதப்பட்டவை. எழுதியபோது கறுப்பு, இன்று பழுப்பு. இதில் அமிலம் உண்டு. மை தடிமனாக விழுந்த இடத்தில் காகிதம் அரித்து, முதலில் எழுத்தைச் சுற்றிப் பழுப்பு நிழல் படரும், அப்புறம் பின்பக்கம் ஊடுருவும், கடைசியில் எழுத்தே வெடித்து உதிரும். அந்த நிலைக்கு வந்த கடிதத்தைப் பாலியஸ்டரில் வைக்கவே கூடாது. பாலியஸ்டரில் நிலைமின்சாரம் ஏறும், உதிர இருக்கும் மைத்துகளை இழுத்து எடுத்துவிடும். நான்கு பக்கமும் ஒட்டி மூடிவிட்டால் இன்னும் மோசம், காகிதத்தின் அமிலம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சுற்றி அரிப்பை வேகப்படுத்தும்.

இங்கேதான் காகித மடிப்புறை கைகொடுக்கிறது. தொகுப்பிலேயே எனக்கு மிகப் பிடித்தது இதுதான். அமிலமற்ற கெட்டிக் காகிதம், கால்சியம் கார்பனேட் கலந்தது, அதனால் கடிதத்திலிருந்து கசியும் அமிலத்தை அது ஓரளவு வாங்கிக்கொள்ளும். நான்கு மடல்களையும் மேசையில் பூப்போல விரித்து, நடுவில் கடிதத்தை வைத்து, ஒவ்வொன்றாக மூட வேண்டும். எதுவும் உரசுவதில்லை, எதையும் தள்ள வேண்டியதில்லை. அந்த மெதடிஸ்ட் போதகரின் கடிதம் இப்போது இதில்தான் இருக்கிறது. முன்பக்கம் தெரியாது என்பது ஒரு குறைதான். அதற்காக நல்ல படம் ஒன்றை எடுத்து, அச்சிட்டு, பெட்டியின் மேலடுக்கில் வைத்திருக்கிறேன். பெரும்பாலும் படத்தைத்தான் பார்க்கிறேன்.

பெட்டி உறுதியானது. மூலைகளில் பசை இல்லை, உலோக விளிம்பு மடித்துப் பிடித்திருக்கிறது. மூடி முழு உயரத்துக்கு இறங்குவதால் வெளிச்சமும் தூசியும் உள்ளே போவதில்லை. புகைப்படப் பாதுகாப்புப் பொருள்களைச் சோதிக்கும் ஐஎஸ்ஓ 18916 தரச் சோதனையில் தேறியதாகக் குறிப்புத்தாள் சொல்கிறது. வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள். பிவிசி பிளாஸ்டிக் உறை என்றால் தொடவே வேண்டாம், நாளடைவில் கசிந்து பிசுபிசுத்து மையோடு ஒட்டிக்கொள்ளும். கடையில் கொடுத்துச் சூடாக லேமினேட் செய்வதோ மீளவே முடியாத அழிவு.

கூடவே வந்த பெயர் ஒட்டிகளை நான் பயன்படுத்தவில்லை. ஒட்டும் எதற்கும் பழைய கடிதத்தின் அருகில் இடமில்லை. மடிப்புறையின் மேல், கடிதத்தை உள்ளே வைப்பதற்கு முன்பே, மென்மையான பென்சிலால் எழுதிவிடுவேன்.

உதிரி உறை சிலவற்றையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள், அவற்றைச் சான்றுத் தாள்களுக்கு வைத்துக்கொண்டேன். விற்பனை ரசீது, பழைய ஏலப் பட்டியலின் பக்கம், முந்தைய உரிமையாளர் எழுதிய குறிப்பு எல்லாம் கடிதத்தோடு சேர்ந்து வாழ வேண்டியவை, ஆனால் ஒரே உறையில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்கக் கூடாது. இந்தத் துறையில் சான்று எவ்வளவு முக்கியம் என்பதற்கு மார்க் ஹாஃப்மன் கதை ஒன்று போதும். அமெரிக்காவில் மார்மன் சபையின் தொடக்ககாலக் கடிதங்கள் என்று வரிசையாகப் போலிகளைச் செய்து விற்றவர். 1830 தேதியிட்ட சாலமாண்டர் கடிதமும் அவர் கைவேலைதான். தேர்ந்த வல்லுநர்களே நம்பினார்கள். பொய் வெளிவரும் நிலையில் 1985 அக்டோபரில் சால்ட் லேக் சிட்டியில் குண்டு வைத்து இரண்டு பேரைக் கொன்றார். அதன் பிறகுதான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, செயற்கையாகப் பழமையேற்றிய அந்த மையில் நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தன. கடிதம் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு வந்தது என்று சொல்லும் துண்டுத் தாள் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

வெட்டிய துணுக்கு என்றாலே ஒதுக்க வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். கான்டர்பரி பேராயராக 1828 முதல் 1848 வரை இருந்த வில்லியம் ஹவ்லியின் முகவரிப் பக்கம் ஒன்று என்னிடம் இருக்கிறது. பிரிட்டனில் 1840 ஜனவரி 10 வரை நாடாளுமன்றத்தாருக்குத் தபால் இலவசம், மேலவையில் இருந்த ஆயர்களுக்கும் அந்தச் சலுகை உண்டு. சலுகை வேண்டுமென்றால் ஊர், நாள், முழு முகவரி, கீழ் இடது மூலையில் கையெழுத்து எல்லாவற்றையும் தம் கையாலேயே எழுத வேண்டும். அதனால் கடிதம் போய் முகப்பு மட்டும் மிஞ்சினாலும், அதில் தேதியோடு கூடிய அசல் கையெழுத்து மாதிரி இருக்கிறது. அவர் குடும்பப் பெயருக்குப் பதில் ‘டபிள்யூ. கான்டுவார்’ என்று, கான்டர்பரியின் லத்தீன் சுருக்கமாக, மறைமாவட்டத்தைச் சேர்த்துத்தான் ஒப்பமிடுவார். இது தெரியாமல் விற்பவர்கள் யாரோ ஒரு கான்டுவார் என்று பட்டியலிட்டுவிடுகிறார்கள். இவ்வளவு சின்னத் துண்டு ஏ4 உறைக்குள் வழுக்கி மூலைக்குப் போய்விடுகிறது. ஏ5 உறை நான்கைந்தாவது தொகுப்பில் சேர்த்திருக்கலாம்.

இத்தனை பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் நியூமனைத்தான் சொல்வேன். கர்தினால் ஜான் ஹென்றி நியூமன் 1890இல் இறந்தார். புனிதர் பட்டத்துக்கான பணிகளின்போது, 2008இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் அருகே ரெட்னலில் அவர் கல்லறையைத் திறந்தார்கள். பித்தளைத் தகடு இருந்தது, உடலின் எச்சம் எதுவும் இல்லை. ஆனால் அவர் எழுதிய கடிதங்கள் 20,000க்கும் மேல், நாட்குறிப்புகளோடு சேர்ந்து 32 தொகுதிகளாக அச்சில் இருக்கின்றன. 2019இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். திருப்பண்டங்களை விற்கக் கூடாது என்கிறது கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 1190. ஒரு புனிதரின் கடிதம் அதில் அடங்குமா என்று கேட்கிறவர்கள் உண்டு, கேட்க வேண்டிய கேள்விதான். யார் கையில் இருந்தாலும் அந்தக் கை அதைக் கெடாமல் வைத்திருக்க வேண்டும் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை.

கடிதத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுச் சுவரில் மாட்ட நினைப்பவர்களுக்கு இந்தத் தொகுப்பு உதவாது, அப்படி மாட்டவும் வேண்டாம். 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதிக் கடிதங்களில் கையெழுத்து பெரும்பாலும் பால்பாயின்ட் பேனா, அந்த மை வெளிச்சத்தில் சீக்கிரம் வெளிறும். அருங்காட்சியகங்களே காகிதத்துக்கு 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் விடுவதில்லை. நகலை மாட்டுங்கள், அசல் பெட்டியில் இருக்கட்டும்.

வாங்குவதென்றால், 1840க்குப் பிந்தைய சிறிய கடிதங்கள் அதிகம் உள்ளவர்கள் ஏ4 தொகுப்பை அப்படியே வாங்கலாம். அதற்கு முந்தையவை இருந்தால் பெட்டியை ஏ3 அளவில் கேளுங்கள், பாலியஸ்டர் உறையைக் குறைத்து மடிப்புறையைக் கூட்டுங்கள், உறை வாங்கினாலும் இரு பக்கம் திறந்ததையே வாங்குங்கள். தயாரிப்பாளருக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பியிருக்கிறேன். ஏ3 பெட்டி வரும் என்று பதில் வந்தது, உறையைப் பற்றி இன்னும் பதில் இல்லை.